செவலையிடம் சொன்னது

"எனக்கு வேற ஊர் குடுங்க மேடம்" என்றான் அருஞ்சுனை.

சலோமி தன் வீட்டு முற்றத்தில் அவித்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இருக்கிற ஊருக்கு என்ன?"

"ஒருத்தி எங்கிட்டப் பேச மாட்டேங்குறா."

"மத்தவங்க?"

"ஊரே பேசுது. நிறுத்தச் சொன்னாத்தான் நிறுத்துறாங்க."

"அந்த ஒருத்தி எங்க இருக்கா?"

"பக்கத்து வீடு."

சலோமி ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்ப நல்ல ஊருதான்" என்றார்.

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே பாளையங்கோட்டை வரை வந்தவனுக்கு இதுதானா பதில்?

அருஞ்சுனை சாதாரண ஆள் இல்லை. மருந்துக் கம்பெனிக்கு விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவன். பையோடு டாக்டர் வாசலில் நின்று நின்று, பேச நேரமில்லை என்று விரட்டின ஆளையெல்லாம் பேச வைத்தவன். சிரித்தால் திறக்காத கதவு கிடையாது, சிரிப்புக்குத் திறக்காவிட்டால் ஒரு சின்ன அன்பளிப்புக்குத் திறக்கும் என்பது அவன் கணக்கு. நாற்பது தாண்டிய பிறகு ஒருநாள் அந்தப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மனிதர்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்று படிக்க வந்தான். மானிடவியல்.

சலோமி அவனுக்கு ஆசிரியை. அவனைவிட வயதில் இளையவர். அது அவனுக்குக் கொஞ்சம் உறுத்தும். வெளியே காட்டமாட்டான். உறுத்துகிறது என்று அவருக்கும் தெரியும். அவரும் காட்டமாட்டார்.

அவர் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம்தான்.

ஓர் ஊருக்குப் போங்க. வருஷம் திரும்புற வரைக்கும் அங்கேயே இருங்க. அவங்க தின்னுறதைத் தின்னுங்க. அவங்க போற இடத்துக்குப் போங்க. குறுக்க விழாதீங்க. பாருங்க.

அவ்வளவே.

பிலாய் இரும்பாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன் அவன். தமிழ்க் கிராமம் என்றால் கோடை விடுமுறையில் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். அவனுக்கு விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டில், வெள்ளாரம்பட்டி என்று ஓர் ஊர் வாய்த்தது.

"பேசாதவ பேரு என்ன?" என்றார் சலோமி.

"உலகம்மாள். புருஷன் இறந்துட்டார். ஒரு பெண் பிள்ளை, ரெண்டாங்கிளாஸ் படிக்குது. ஒரு கிடா ஆடு. வீட்டுல அவ்வளவுதான்."

"முதல்லருந்தே பேசலையா?"

"அதுதான் மேடம் வயித்தெரிச்சல். நான் போன புதுசுல அவதான் அதிகமாப் பேசினா. 'சார் சார்'ன்னு காப்பி குடுப்பா. எந்த வீட்டுல யாரு, யாருக்கு யாரு என்ன உறவு, எல்லாம் அவ சொன்னதுதான். திடீர்னு ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கிட்டா."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. ஒரு சீப்பு பழம் வாங்கிட்டுப் போய் நீட்டினேன்."

"வாங்குனாளா?"

"வாங்கி, எங்கண்ணு முன்னாலயே கிடாவுக்குக் குடுத்தா. குடுத்துட்டுக் கிடாகிட்டச் சொல்றா: 'தின்னுலே செவலை. சொல்ல வேண்டிய எடத்துல வாயத் தொறக்காதவுக பழம் வாங்கியாந்து நீட்டுதாக.' "

சலோமி இப்போதுதான் நிமிர்ந்தார்.

"கிடாகிட்டயா?"

"ஆமா. அது வேற கதை. பெறகு சொல்றேன்."

"சரி. இந்தத் தெருவுல ஒரு நாளைக்கு எத்தனையோ பேரு போறாங்க, வாறாங்க. யாரும் எங்கூடப் பேசுறதில்லை. அவங்க எல்லாரும் எங்கூடப் பேச்சை நிறுத்தினவங்களா?"

"அது எப்படி? அவங்க யாரோ, நீங்க யாரோ."

"அப்ப பேச்சை நிறுத்தணும்னா என்ன வேணும்?"

சலோமி கடலைத் தட்டை அவன் பக்கம் தள்ளினார். அவன் எடுக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவன் தின்னமாட்டான். தின்றுவிட்டால் கோபம் போய்விடும் என்கிற பயம்.

"எந்த நாள்ல இருந்து பேசலை?"

"ஆடிக் கொடை முடிஞ்ச மறுநாள்ல இருந்து."

"கொடையில என்ன பண்ணுனீங்க?"

"சும்மா நின்னு பார்த்தேன்."

சலோமி அவன் முகத்தையே பார்த்தார்.

"கறி வாங்கினேன்" என்றான்.

கோயில் கொடைக்கு வெட்டின கிடாயை வீட்டுக்கு ஒரு பங்காகக் கூறு வைப்பது அந்த ஊர் வழக்கம். அந்தந்த வீட்டு ஆண்பிள்ளை வரிசையில் நின்று வாங்கவேண்டும். அவன் தங்கியிருந்த வீட்டுக்காரர் கொம்பையா அன்றைக்குக் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். அவர் மனைவி சங்கரவடிவு, "நீங்க போயி நில்லுங்க தம்பி" என்றாள். போய் நின்றான். அவர்கள் போகிற இடத்துக்குப் போ என்றுதானே பாடம்.

"யாரு வீட்டுக்குன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. கொம்பையா வீட்டுக்குன்னேன். 'அவருக்கு நீரு யாரு'ன்னு ஒருத்தர் கேலியாக் கேட்டார். 'தம்பி'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே கறியைக் குடுத்துட்டாங்க."

"உலகம்மாள் எங்க இருந்தா?"

"பொம்பளைங்க பக்கம். பார்த்துக்கிட்டுத்தான் இருந்தா."

"சிரிச்சாளா?"

அவன் யோசித்தான்.

"இல்ல. அவ மட்டும் சிரிக்கலை."

"வீட்டுக்குக் கறியைக் கொண்டுபோனதும் சங்கரவடிவு என்ன சொன்னா?"

"இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதீங்க, மதினின்னு கூப்பிடுங்கன்னாங்க. கொம்பையாவுக்குத் தம்பின்னா எனக்குக் கொழுந்தன்னு சொல்லி ஒரே கேலி."

"உலகம்மாளுக்கும் கொம்பையாவுக்கும் என்ன உறவு?"

"கூடப் பிறந்த அண்ணன் தங்கச்சி. வீடு ரெண்டுக்கும் நடுவுல இடுப்பளவு சுவர். ஆனா ரெண்டு பேருக்கும் ரொம்ப காலமாப் பேச்சு இல்லை."

"ஏன்?"

"கேட்டேன். அண்ணனும் ஒண்ணுமில்லைன்னார். தங்கச்சியும் ஒண்ணுமில்லைன்னா. ரெண்டு பக்கமும் ஒரே பதில் வந்ததால, சரி, ஒண்ணுமில்லைன்னு விட்டுட்டேன்."

சலோமிக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கொம்பையாவுக்கு நீங்க தம்பி. சரி. உலகம்மாளுக்கு?"

"உலகம்மாளுக்கு..." என்று தொடங்கினவன் நிறுத்தினான். "அவ என்னைவிடச் சின்னவ. அப்ப... நான் அண்ணன்."

"அவ தன் அண்ணன்கிட்டப் பேசுறாளா?"

"இல்லை."

"பெறகு உங்ககிட்ட எப்படிப் பேசுவா?"

அருஞ்சுனையின் கை தானாகப் போய் ஒரு கடலையை எடுத்தது.

"சார்னு கூப்பிட்டு ஊர்க்கதை சொன்னாளே, அன்னைக்கு நீங்க அவளுக்கு யாரும் இல்லை. இன்னைக்கு முகத்தைத் திருப்புறா. உங்க விலை ஏறியிருக்கா, இறங்கியிருக்கா?"

"ஏறியிருக்கு" என்றான். "ஆனா எனக்கு என்ன பிரயோசனம் மேடம்? பேச்சுக் கிடைக்கலையே. அந்த ஊர்ல எனக்குச் சரியாச் சொல்லக்கூடிய ஆள் அவ ஒருத்திதான். அவ வாயடைச்சுக்கிட்டா நான் அங்க உக்காந்து என்ன பண்ண? அதைவிட..."

நிறுத்தினான்.

"அதைவிட?"

"தினமும் முகத்தைத் திருப்புறதைப் பார்க்க முடியலை."

அதுதான் விஷயம். இவ்வளவு நேரம் வேறு எதையெதையோ விரித்துக் காட்டினான். சரக்கு அடியில் இருந்தது.

சலோமி தலையை ஆட்டினார்.

"சரி. வேற ஊர் தாரேன். போறதுக்கு முன்னால, இந்த ஊர்ல என்ன கண்டீங்கன்னு சொல்லிட்டுப் போங்க."

அருஞ்சுனையின் முகம் மலர்ந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அதைத்தான் பெறகு சொல்றேன்னேன். அந்தக் கிடா விஷயம். இதுவரைக்கும் யாரும் எழுதலை மேடம். என் ஆய்வுல ஒரு அத்தியாயம். தலைப்பு: பலியாட்டின் சம்மதம்."

"என்ன சம்மதம்?"

"உலகம்மாள் அந்தக் கிடாவை அய்யனார் கோயிலுக்கு நேர்ந்து விட்டிருக்கா. வர்ற வெள்ளிக்கிழமை வெட்டப்போறாங்க. அதனால அவ தினமும் அதுகிட்டப் பேசுறா. முன்கூட்டியே எல்லாம் சொல்றா. மன்னிப்புக் கேக்குறா. வெட்டப்போற ஆட்டுகிட்ட அனுமதி வாங்குற சடங்கு. நான் உக்காந்த இடத்துல இருந்தே ஒரு சொல் விடாமக் கேட்டிருக்கேன்."

"என்ன பேசுறா?"

அவனுக்கு மனப்பாடம். குரலைக்கூட மாற்றிக்கொண்டான்.

" 'ஏலே செவலை, வர்ற வெள்ளிக்கிழமை அய்யனார் கோயில் வாசல்ல ஆசாரி வந்துருவாரு. வந்து நிக்க வேண்டியவுக வருவாகளோ, மூடிப் போத்திப் படுத்துக்கிடுவாகளோ, தெரியலை.' இது ஒண்ணு. ஆசாரி வந்து பலிமேடை கட்டித் தருவார்னு நினைக்கிறேன்."

"அடுத்து?"

" 'ஏலே செவலை, பிள்ளைக்குப் பல்லு விழுந்து முளைச்சாச்சு. காது இன்னும் மூடிக் கெடக்கு. நாலு பேரு கேக்காக, நான் என்னத்தச் சொல்ல.' குட்டியைப் பிள்ளைங்கிறா. அவ்வளவு பாசம். ஆட்டுக்குட்டிக்கு அடையாளத்துக்காகக் காது வெட்டுவாங்கல்ல, அது."

"கிடாவுக்குக் குட்டியா?"

"ஊர்ல உள்ள குட்டியெல்லாம் அதோட பிள்ளைங்கதானே மேடம்."

சலோமி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"மன்னிப்புக் கேட்டான்னீங்களே."

"அதுதான் உச்சம். 'ஏலே செவலை, அட்டைய அடுத்தவன் கையில குடுத்து விட்டது தப்புன்னு எனக்குத் தெரியாதா. அந்த மனுசன் உயிரோட இருந்தாரு, பால் காய்ச்சுற அவசரம், சொன்னாரு, நானும் சரின்னேன். தப்புத்தான். தப்புன்னு சொல்லுதேன், கேக்கியா.' அந்த அட்டை எதுன்னு மட்டும் பிடிபடலை. மத்ததெல்லாம் பொருந்துது."

"எல்லாம் பொருந்துதா?"

"எல்லாம்."

"அதுதான் பயமா இருக்கு" என்றார் சலோமி.

எழுந்தார். கொல்லைப் பக்கம் போய் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து முற்றத்தில் கவிழ்த்தார்.

"இது கிடா."

அருஞ்சுனை விழித்தான்.

"சுவர் எங்க?"

அவன் முற்றத்தின் குறுக்கே கையால் ஒரு கோடு இழுத்தான்.

"நீங்க உக்கார்ற இடம்?"

கோட்டுக்கு இந்தப் பக்கம் நாற்காலியைத் தூக்கிப் போட்டான். சலோமி அதில் போய் உட்கார்ந்துகொண்டார். கடலைத் தட்டையும் மறக்கவில்லை.

"இப்ப நான் நீங்க. நீங்க உலகம்மாள். பேசுங்க."

"எதுக்கு மேடம் இதெல்லாம்?"

"வேற ஊர் வேணுமா, வேண்டாமா?"

அவன் போய் வாளிக்குப் பக்கத்தில் நின்றான். நல்லவேளை, தெருவில் யாரும் இல்லை. குனிந்து வாளியிடம் மெதுவாகச் சொன்னான்.

"ஏலே செவலை, வர்ற வெள்ளிக்கிழமை..."

"அவ இப்படித்தான் சொன்னாளா? எனக்குக் காதுல விழலையே."

"இல்லை. சத்தமாச் சொல்லுவா."

"கிடா எவ்வளவு தூரத்துல நிக்கும்?"

"கையெட்டுற தூரத்துல."

"கையெட்டுற தூரத்துல நிக்கிற ஆட்டுக்கு எதுக்குச் சத்தம்? அதுக்குக் காது கேக்காதா?"

அவன் குரலை உயர்த்தினான்.

"ஏலே செவலை, வர்ற வெள்ளிக்கிழமை..."

"அவ எந்தப் பக்கம் பார்த்து நிப்பா?"

அருஞ்சுனை கண்ணை மூடி நினைத்துப் பார்த்தான். அவள் கயிற்றைப் பிடித்திருப்பாள். கிடா கீழே நிற்கும். அவள் முகம் கிடாவின் மேல் இருக்காது. கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். கொஞ்சம் இந்தப் பக்கம்.

கண்ணைத் திறந்து, அதே மாதிரித் திரும்பி நின்றான்.

எதிரே சலோமி உட்கார்ந்திருந்தார்.

"மேல சொல்லுங்க" என்றார்.

"பிள்ளைக்குப் பல்லு விழுந்து முளைச்சாச்சு" என்றான். "காது இன்னும் மூடிக் கெடக்கு."

"அந்த வீட்டுல பிள்ளை யாரு?"

"அவ மகள்."

"காதுல என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணும் இல்லை. வெறும் காது. எளிமையா வளர்க்குறாங்கன்னு நினைச்சேன்."

"கரிசல் காட்டுல, ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பெண் பிள்ளைக்கு, காதுல துவாரம்கூட இல்லை. பிள்ளைக்குக் காது குத்துறப்ப யாரு மடியில உக்கார வைப்பாங்க?"

அருஞ்சுனைக்கு அது தெரியும். உலகம்மாளே ஒருநாள் காப்பியோடு சொன்னதுதான்.

"தாய்மாமன் மடியில."

"தாய்மாமன் யாரு?"

அவன் சுவர் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான்.

"நிறுத்தாதீங்க. சொல்லி முடிங்க."

"தப்புத்தான்" என்றான் அருஞ்சுனை. குரல் உள்ளே போயிருந்தது. "தப்புன்னு சொல்லுதேன், கேக்கியா."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் சலோமி, நாற்காலியில் இருந்தபடியே.

அருஞ்சுனை வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

சலோமி இன்னொரு கடலையை உரித்தார்.

"பகல்ல கொம்பையா எங்க போவார்?"

"கரி சுடுற மூட்டத்துக்கு. பொழுது சாய்ஞ்சுதான் வருவார். மதினி தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருவாங்க."

"பகல் முழுக்க அந்த வீட்டு வாசல்ல?"

"நான் மட்டும்தான்." தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். "நான் மதினிகிட்டக் கேட்டேன் மேடம். இந்த அம்மா கிடாகிட்டப் பேசுறதைக் கேட்டிருக்கீங்களான்னு. 'நான் ஒருநாளும் கேட்டதில்லையே'ன்னாங்க. ஊர்க்காரங்களுக்கே தெரியாத ஒரு வழக்கத்தைக் கண்டுபிடிச்சுட்டேன்னு எனக்கு ஒரே சந்தோசம்."

"மதினி அதோட விட்டுட்டாங்களா?"

"என்ன பேசுறான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஆட்டைப் பத்தின்னு சொல்லிட்டேன்."

சலோமி கண்ணை மூடிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமைன்னா..." என்றான் அருஞ்சுனை. "நாளன்னைக்கு."

"ஆமா."

"இத்தனை நாளா அவ சொல்லிக்கிட்டே இருந்திருக்கா. நான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்னு நினைச்சிருக்கா. அண்ணன் கேட்டும் கேக்காத மாதிரி இருக்கார்னு நினைச்சிருப்பா."

"வேற எப்படி நினைப்பா?"

அவன் எழுந்து முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்தான். சட்டென்று நின்றான். முகத்தில் மறுபடி கோபம். இந்தத் தடவை அவனுக்குக் கையில் ஒரு பிடி கிடைத்திருந்தது.

"நான் போய்ச் சொல்லலாமா? குறுக்க விழாதேன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் பார்க்க வந்தவன். ஒரு குடும்பத்துச் சண்டையில நான் புகுந்துட்டா, பெறகு நான் பார்த்தது அவங்க வாழ்க்கையா, நான் செஞ்சதா? நாளைக்கு நீங்களே கேப்பீங்க."

"கேப்பேன்."

"அப்ப?"

"கொடைக் கறி தின்னீங்களா?"

"தின்னேன்."

"யாரு பங்கை?"

"கொம்பையா வீட்டுப் பங்கை."

"செரிச்சுதா?"

"இது என்ன கேள்வி மேடம். செரிச்சுது."

சலோமி எழுந்து வாசலுக்குப் போனார். வீட்டைப் பார்த்துக் கிடந்த அவன் செருப்புகளைக் காலால் தள்ளித் தெருப் பக்கமாகத் திருப்பிவிட்டார். கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அருஞ்சுனை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"என் அத்தியாயம்?" என்று உள்ளே பார்த்துக் கேட்டான்.

"தலைப்பு நல்லா இருந்துது" என்று பதில் வந்தது.

*

அவன் வெள்ளாரம்பட்டியில் இறங்கியபோது விளக்கு வைக்கிற நேரம். கொம்பையா வாசலில் குந்தியிருந்து கையிலும் காலிலும் அப்பியிருந்த கரியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். சங்கரவடிவு அடுப்படியில் இருந்தாள்.

"என்ன தம்பி, படிப்பு எப்படிப் போவுது?" என்றார் கொம்பையா. "ஓங்க டீச்சர் வஞ்சாகளா?"

"வஞ்சாங்க அண்ணாச்சி."

"வையட்டும். வஞ்சாத்தான் புத்தி வரும்."

"பக்கத்து வீட்டுச் செவலை ஒண்ணு சொல்லிச்சு" என்றான் அருஞ்சுனை.

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றது.

"என்னது சொல்லிச்சு?"

"வர்ற வெள்ளிக்கிழமை அய்யனார் கோயில்ல பிள்ளைக்குக் காது குத்தாம். ஆசாரிக்குச் சொல்லியாச்சாம். உக்கார வைக்க வேண்டியவங்க வருவாங்களான்னு தெரியலையாம்."

கொம்பையா செம்பில் தண்ணீர் மொண்டார். ஊற்றவில்லை.

"அன்னைக்கு அட்டையைக் குடுத்து விட்டது தப்புன்னும் சொல்லிச்சு" என்றான்.

இதைச் சொல்லியிருக்கக்கூடாதோ என்று பட்டது. கொம்பையாவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

"தெரியுதுல்ல. இப்பமாவது தெரியுதுல்ல" என்றார். "புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுதா. கூடப் பொறந்தவன் சுவத்துக்கு இந்தப் பக்கம் இருக்கேன். ரெண்டு எட்டு வச்சு வந்து, அண்ணே வாங்கன்னு ஒரு சொல்லு சொல்ல முடியலை. எவனோ வழியில போறவன் கையில அழைப்பு அட்டையைத் திணிச்சு விடுதா. நான் என்ன அவளுக்கு ஆபீசரா? அன்னைக்கு வழிப்போக்கன். இன்னைக்கு ஆடா? இப்பமும் அடுத்தவன் வாயாலதான் அழைக்கணுமா அவ?"

செம்புத் தண்ணீரை அப்படியே தரையில் வீசினார்.

மருந்து விற்ற காலத்தில் இந்த இடத்தில் என்ன சொல்வது என்று அருஞ்சுனைக்கு நன்றாகத் தெரியும். சிரித்து, பேச்சை வேறு பக்கம் திருப்பி, நாளைக்கு வருகிறேன் என்று பையை மூடவேண்டும்.

பை இல்லை. நாளைக்கும் இல்லை.

"அடுத்தவன் யாரு அண்ணாச்சி?" என்றான்.

கொம்பையா பார்த்தார்.

"கறி வாங்க வரிசையில நின்னப்ப, நீரு யாருன்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னேன்னு ஊருக்கே தெரியும். அவளும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. அது வரைக்கும் எங்கிட்ட வாய் ஓயாமப் பேசினவ, மறுநாள்ல இருந்து பேச்சை நிறுத்திட்டா. உங்களை எப்படி நடத்துனாளோ, அப்படித்தான் என்னையும் நடத்துறா. அவளுக்கு நான் அடுத்தவன் இல்லை. உங்களுக்கு அடுத்தவன்னா சொல்லிருங்க. விடிஞ்சதும் பெட்டியைக் கட்டுறேன்."

சங்கரவடிவு அடுப்படி வாசலுக்கு வந்து, கரண்டியோடு நிலையில் சாய்ந்து நின்றாள். புருஷனைத்தான் பார்த்தாள்.

கொம்பையா துண்டை எடுத்தார். ஈரம் போன கையை மறுபடி மறுபடி துடைத்தார்.

"கொழுந்தன் கேக்காருல்ல" என்றாள் சங்கரவடிவு. "ஆமான்னு சொல்லுங்க. இல்லன்னாவது சொல்லுங்க."

"எத்தன மணிக்காம்?" என்றார் கொம்பையா.

"அதைச் சொல்லலை."

"போயிக் கேளு."

அருஞ்சுனை சுவரோரம் போனான். அந்தப் பக்கம் உலகம்மாள் கிடா தின்ன வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள். அவன் தலையைப் பார்த்ததும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். கை மட்டும் முடிச்சை இறுக்கிக்கொண்டே இருந்தது. ஏற்கெனவே இறுகின முடிச்சு.

அவன் தொண்டையைச் செருமினான்.

"செவலை" என்றான். "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?"

கிடா குழையைக் கடித்தது.

உலகம்மாளின் கை நின்றது. அவள் திரும்பவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள். பிறகு கிடாவின் முதுகில் கையை வைத்தாள்.

"ஏலே செவலை" என்றாள். "கருக்கல்லயே வந்துரணும்னு சொல்லு. வெயிலேறுனா பிள்ளை தாங்காது."

கிடாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"சீரு, மாலை, ஒண்ணும் வேண்டாம்னு சொல்லு. வந்து உக்காந்தாப் போதும்னு சொல்லு."

"வெறுங்கையோட வந்து உக்காருததுக்கு நான் என்ன ஆசாரியான்னு கேளு அந்த ஆட்டுகிட்ட" என்று வாசலில் இருந்து கொம்பையாவின் குரல் வந்தது.

அருஞ்சுனை கேட்க வாயெடுத்தான். அதற்குள் அந்தப் பக்கத்தில் இருந்து பதில் வந்துவிட்டது.

"கொண்டு வாறவுகள நான் மறிச்சனான்னு கேளுலே செவலை."

"பிள்ளைக்குக் கம்மலு எந்த மாதிரி வேணும்னு கேட்டு வைக்கச் சொல்லு."

"பூக்கம்மலுதான் வேணும்னு மூணு வருசமா அழுதுன்னு சொல்லு."

"மூணு வருசமா அழுததை இன்னைக்குத்தான் சொல்லுதாளாக்கும்."

"கேக்க ஆளு இருந்தால்ல சொல்ல."

சுவருக்கு மேலே பேச்சு போய் வந்துகொண்டிருந்தது. அருஞ்சுனை இடமும் வலமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிடாவை யாரும் பார்க்கவில்லை. அவனையும் பார்க்கவில்லை.

ஒரு வழியாகக் கொம்பையா எழுந்து சாப்பிட உள்ளே போனார். சங்கரவடிவு போகிறபோது சுவர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

உலகம்மாள் இன்னும் அங்கேயே நின்றாள். அவன் சுவரில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தான்.

"இனி எங்கிட்டப் பேசலாமில்ல, தங்கச்சி?" என்றான், நேராகவே.

உலகம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. உதட்டோரம் மட்டும் லேசாக அசைந்தது.

"மொதல்ல காது குத்தட்டும்னு சொல்லுலே செவலை" என்றாள்.